வழக்குச் சொத்து

மலைப்பாம்புக்கு இருமத் தெரியாது.
நெஞ்சுக்கடியில் நமக்கிருக்கும் தசைத்திரை
அதற்குக் கொடுக்கப்படவில்லை.
சளி ஏறினால்
தலையைத் தூக்கி, வாயைக் கொஞ்சம் திறந்து
மேலே பார்த்துக்கொண்டே இருக்கும்.
"சாமி கும்பிடுது" என்றார் வனக்காவலர் ஒச்சப்பன்.
நான் மாட்டு டாக்டர்.
சாமியில்லைண்ணே, மூச்சு என்றேன்.

நாகமலை புதுக்கோட்டை, சித்திரைக் கடைசி.
வெளியே நாற்பது டிகிரி,
தாரில் ஒட்டிய செருப்பு காலோடு வர மறுக்கிறது.
உள்ளே கம்ப்யூட்டர் அறையில் பதினெட்டு.
பூட்டு உள்ள அறை அது ஒன்றுதான்.
தெப்பக்குளக் கரையில் பாம்பைத் தோளில் போட்டுவிட்டு
படத்துக்கு ஐம்பது ரூபாய் வாங்கிய வெள்ளைப்பாண்டி
ஜாமீனில் போய்விட்டான்.
பாம்புக்கு ஜாமீன் இல்லை.
நாற்பத்தோரு நாளாக
பிளாஸ்டிக் பெட்டியில், ஈரச் சாக்கின் மேல்,
ஏ.சி.க்கு நேர் கீழே.

மதுரையில் ஒரு உயிர்
குளிரில் சீக்காகிவிட்டது என்றால்
ஆட்டோடு வந்து நிற்பவர்கள் சிரிப்பார்கள்.

நாசித் துளையில் ஒரு குமிழி
பெருக்கிறது, உடையாமல் உள்ளே போகிறது.
வாயோரம் நூல் நூலாய்க் கோழை.
ஈரத்துணி போட்டு அதன்மேல் ஸ்டெத்தை அழுத்தினேன்.
ஜிகர்தண்டா தீர்ந்த பிறகும்
பிள்ளை ஸ்ட்ராவை விடாமல் உறிஞ்சுகிற சத்தம்.
நுரையீரல் எங்கே முடிகிறதென்று
கையால் அளந்துகொண்டே போனேன்.
ஒரு முழம். இன்னும் கொஞ்சம்.

ஆய்வகப் படிவத்தில்
மாடு, எருமை, ஆடு, கோழி, பிற.
பிற.
உரிமையாளர் பெயர்?
ஒச்சப்பன் யோசித்து, "அரசாங்கம்" என்றார்.
கைபேசி எண்ணுக்கு என்னுடையதைப் போட்டேன்.
ஆறாம் நாள் அதில் வந்தது: சூடோமோனாஸ்.
குழாய் வாயிலும் தண்ணீர்த் தொட்டியிலும்
எப்போதும் குடியிருக்கும் கிருமி.
உடம்பு சூடாக இருந்தவரை
வாசலோடு நின்றிருக்கிறது.

ஏ.சி.யை நிறுத்தச் சொன்னேன்.
"கம்ப்யூட்டர் சூடாயிருமே மேடம்."
ஆகட்டும் சார்.
அறுபது வாட் பல்பு ஒன்றும் வாங்கித் தாருங்கள்.

மூன்று நாளுக்கு ஒரு ஊசி.
முன்பாதியில் மட்டும்.
பின்பாதியில் குத்தினால்
சிறுநீரக வழியாக மருந்து கழன்றுவிடும்.
ஆறு கிலோ உடம்புக்கு அளவு பார்த்து
ஒரு குப்பியை எட்டு சிரிஞ்சாக்கி
வீட்டு ஃப்ரீசரில், பட்டாணிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில்,
'தொடாதே, பாம்பு' என்று எழுதி வைத்தேன்.
கரிமேட்டிலிருந்து வந்த நாத்தனார் அன்று
எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

முதல் ஊசிக்கு ஒச்சப்பன்
கண்ணை மூடிக்கொண்டு தலையைப் பிடித்தார்.
நாலாவது ஊசிக்கு
"எறும்புக் கடிதான்டா, பொறு" என்று அதனிடம் பேசினார்.
ஜன்னலில் நாகமலை.
கல்லாகிப் படுத்த பாம்பு என்கிறது கதை.
இதன் நுரையீரல் எதுவரை போகும்,
கீழக்குயில்குடி தாண்டுமா என்று
பஞ்சை அழுத்திக்கொண்டு நினைத்தேன்.

எட்டாவது ஊசியன்று
ஸ்டெத்தில் ஒன்றுமே கேட்கவில்லை.
நகர்த்தி வைத்தேன். இல்லை.
பதிவேட்டில் எழுதினேன்: மூச்சில் சத்தம் இல்லை.
எட்டிப் படித்த ஒச்சப்பனுக்கு
முகம் செத்துவிட்டது.
"போயிருச்சா?"
இல்லைண்ணே, நல்லா விடுது.
நல்லா விட்டா கேட்காது.
அவர் நம்பவில்லை.
முட்டியில் கையூன்றிக் குனிந்து
நாக்கு வெளியே வரும்வரை
அப்படியே நின்றார்.

வழக்குக்கு ஜூலை பதினொன்று வாய்தா.
ரேஞ்சர் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு
பாம்பின் கோப்பால்
விசிறிக்கொண்டிருக்கிறார்.